பட்டியலில் எஞ்சும் பெயர்

மாணவி ஒருத்தி, தன் தந்தையின் இடமாற்ற விண்ணப்பத்தை அச்சிடுவதற்காகப் பென்டிரைவில் பள்ளிக்குக் கொண்டு வந்தாள். ஆசிரியரின் இசைவு பெற்று, கணினி அறையில் அதைத் திறந்து அச்சிட்டாள். பிறகு பென்டிரைவை எடுத்துக்கொண்டு வகுப்புக்குத் திரும்பினாள். கணினியில் அவள் எதையும் சேமிக்கவில்லை. ஆயினும், அடுத்த பாடவேளையில் அதே கணினியின் முன் அமர்ந்த மாணவன், சொற்செயலியைத் திறந்தவுடன் ‘அப்பா இடமாற்ற விண்ணப்பம்’ என்னும் பெயரைக் கண்டான். தனக்கு முன் அங்கு அமர்ந்திருந்தவள் யார் என்பது அவனுக்குத் தெரியும். மாலைக்குள் செய்தி வகுப்பு முழுவதும் பரவியது. நெருங்கிய தோழியிடம் தானே சொல்ல வேண்டும் என்று அவள் காத்திருந்த செய்தி, பிறர் வாய்வழியாகத் தோழியைச் சென்றடைந்தது.

எதையும் சேமிக்காத கணினியில் அந்தப் பெயர் எவ்வாறு எஞ்சியது?

பட்டியலின் இயல்பு

கட்டுரை, கடிதம் முதலியவற்றைக் கணினியில் எழுத உதவும் மென்பொருள் சொற்செயலி எனப்படும். 1983ஆம் ஆண்டு முதன்முதலாக வெளிவந்த வேர்டு, 2010ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற லிப்ரே ஆபீஸ் தொகுப்பிலுள்ள ரைட்டர் ஆகியன பலரும் அறிந்த சொற்செயலிகள். ஓர் ஆவணத்தைத் திறக்கும்போது, சொற்செயலி அதன் பெயரையும் அது இருக்கும் இடத்தையும் குறித்து வைத்துக்கொள்கிறது. இக்குறிப்புகளின் தொகுப்பே அண்மை ஆவணங்களின் பட்டியல். நேற்று எழுதிய கட்டுரையை இன்று தேடாமலே திறப்பதற்கு இது உதவுகிறது.

இப்பட்டியலில் இருப்பது ஆவணம் அன்று. ஆவணத்துக்குச் செல்லும் வழியே. நூலகத்தில் உள்ள அட்டையையும் அலமாரியில் உள்ள நூலையும் இதற்கு ஒப்பிடலாம். அட்டையைக் கிழித்தாலும் நூல் அலமாரியிலேயே இருக்கும். நூலை வெளியே எடுத்துச் சென்றாலும் அட்டை பெட்டியிலேயே இருக்கும். மாணவி பென்டிரைவை எடுத்துச் சென்றபோது நிகழ்ந்தது இதுவே. அவன் அந்தப் பெயரைச் சொடுக்கியிருந்தாலும் விண்ணப்பம் திறந்திருக்காது. ஆனால், செய்தி வெளிப்படுவதற்குப் பெயர் ஒன்றே போதுமானதாயிற்று.

பெயரை நீக்கும் முறை

வேர்டில் ‘ஃபைல்’ என்பதைச் சொடுக்கி, ‘ஓப்பன்’ பகுதிக்குச் சென்றால் பட்டியல் தோன்றும். நீக்க வேண்டிய பெயரின் மீது சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி, ‘ரிமூவ் ஃப்ரம் லிஸ்ட்’ என்பதைத் தெரிவு செய்தால் அப்பெயர் மட்டும் நீங்கும். அங்கேயே உள்ள ‘கிளியர் அன்பின்டு ஐட்டம்ஸ்’ என்பதைத் தெரிவு செய்தால், ஊசிக் குறியிட்டு நிறுத்தி வைத்தவை தவிர மற்றவை அனைத்தும் நீங்கிவிடும்.

ரைட்டரில் ‘ஃபைல்’ மெனுவில் ‘ரீசன்ட் டாக்குமென்ட்ஸ்’ என்னும் பகுதி உண்டு. அதன் அடியிலுள்ள ‘கிளியர் லிஸ்ட்’ என்பதைச் சொடுக்கினால் பட்டியல் முழுவதும் வெறுமையாகும்.

சொற்செயலியில் நீக்கிய பெயர், விண்டோஸ் தனியே வைத்திருக்கும் பட்டியலில் எஞ்சியிருக்கக்கூடும். திரையின் அடியில் உள்ள வேர்டு சின்னத்தின் மீது வலப்பொத்தானை அழுத்தினால் அப்பட்டியலைக் காணலாம். அங்கும் வேண்டாத பெயரை நீக்கிவிடலாம்.

நீக்கும் முன் அறிய வேண்டுவன

பட்டியலைத் துடைப்பதால் ஆவணம் அழிவதில்லை. எனினும், தம் கட்டுரையை எக்கோப்புறையில் சேமித்தோம் என்பதை அறியாமல், எப்போதும் பட்டியலின் வழியாகவே திறந்து பழகியவர்கள், பட்டியல் வெறுமையானதும் கட்டுரையே தொலைந்துவிட்டதாகக் கலங்குவர். ஆகவே, ஆவணம் இருக்கும் இடத்தை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

பலர் பயன்படுத்தும் கணினியில் பட்டியலும் பலருக்குப் பொது. முழுவதையும் துடைப்பவர், பிறருக்கு உதவும் குறிப்புகளையும் அழித்துவிடுகிறார். தம் ஆவணத்தின் பெயரை மட்டும் நீக்குவதே முறை. முழுப் பட்டியலையும் நீக்க வேண்டுமாயின் ஆசிரியரிடம் கேட்டுச் செய்தல் நலம்.

பெயரை நீக்குவதால் ஆவணத்துக்குப் பாதுகாப்பு கிடைத்துவிடுவதில்லை. பொதுக் கோப்புறையில் சேமித்த கடிதத்தை, பட்டியல் இல்லாமலும் எவரும் தேடித் திறக்க இயலும். தனிப்பட்ட ஆவணங்களைப் பொதுக் கணினியில் சேமிக்காதிருப்பதே முதற்காவல். கோப்புக்குப் பெயரிடுவதிலும் கவனம் வேண்டும். ‘அப்பா இடமாற்ற விண்ணப்பம்’ என்பதற்கு மாறாக ‘கடிதம் 1’ என்று பெயரிட்டிருந்தால், அம்மாணவியின் செய்தி வெளிப்பட்டிராது.

காண்பவரின் கடமை

பிறருடைய அஞ்சலட்டை கையில் கிடைத்தால் அதைப் படிக்காமல் உரியவரிடம் சேர்ப்பது பண்பு. பட்டியலில் காணும் பெயருக்கும் இது பொருந்தும். அம்மாணவி தன் பெயரை நீக்க மறந்தாள். அது அறியாமையால் நேர்ந்தது. அதைக் கண்ட மாணவனோ, வாய் திறவாமல் இருந்திருக்கலாம். ஊர் விட்டு ஊர் செல்லும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பிரிவு புதிதன்று. அதை யாரிடம், எப்போது சொல்வது என்னும் உரிமையாவது அவர்களிடம் இருக்க வேண்டும். பட்டியலிலுள்ள ஒரு பெயரை நீக்கச் சில நொடிகளே ஆகும். ஒருவர் வாயிலிருந்து பரவிய செய்தியைத் திரும்பப் பெற வழியில்லை.

சொற்பொருள்

இசைவு – சம்மதம்
எஞ்சுதல் – மீதியாக இருத்தல்
அண்மை – சமீபம்
சொடுக்குதல் – சுட்டியின் பொத்தானை அழுத்துதல்

பயிற்சி

1. பென்டிரைவை எடுத்த பின்னும் ஆவணத்தின் பெயர் கணினியில் எஞ்சியது ஏன்?
2. நூலக அட்டையும் நூலும் இப்பாடத்தில் எவற்றுக்கு ஒப்பிடப்பட்டுள்ளன?
3. அம்மாணவி தன் தோழிக்கு எழுதும் கடிதத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.