ஏற்றம் மூச்சு வாங்கும், இறக்கம் உயிர் வாங்கும்

ஏலகிரிச் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20. கொல்லிமலைக்கு 70. முதல் ரோடு பைக்கை வாங்கிய கையோடு இந்தப் பாதைகளுக்குக் கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்வி, "என்னால் ஏற முடியுமா?" என்பதுதான். முடியாவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், ஒன்றும் ஆகிவிடாது. பத்திரமாக இறங்கத் தெரியுமா, வழியில் ஒரு வண்டி இடித்துவிட்டால் என்ன செய்வது என்பவையே முன்கூட்டி விடை தெரிந்திருக்க வேண்டிய கேள்விகள்.

ஏறும்போது

விலை குறைந்த ரோடு பைக்குகள் பலவற்றில் முன்னால் 50, 34 பற்கள் கொண்ட இரண்டு சக்கரங்களும், பின்னால் 28 அல்லது 32 பல் வரையிலான சக்கரங்களும் இருக்கும். 34-க்கு 28 போட்டு நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏறக்குறைய 9 கி.மீ. வேகம் வரும். பின்னால் 32 பல் இருந்தால் அதே மிதிக்கு 8 கி.மீ. இந்த ஒரு கி.மீ. வித்தியாசம்தான் நீண்ட ஏற்றத்தில் முட்டியைக் காப்பாற்றும். மலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் வாங்கும்போதே பெரிய பின் பற்சக்கரம் கேளுங்கள். பிறகு மாற்றினால் சில வண்டிகளில் கியர் மாற்றியையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

ஏற்றம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். முழு பலத்தில் மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் கழன்றுவிடலாம். உட்கார்ந்தபடி, பேச முடிகிற அளவு மூச்சோடு ஏறுவது புதியவர்களுக்கு நல்லது.

இறங்கும்போது

கிளம்பும் முன் பிரேக் கட்டைகளைக் குனிந்து பாருங்கள். அவற்றில் குறுக்கே வெட்டிய பள்ளக்கோடுகள் தேய்ந்து மறைந்திருந்தால் மலை வேண்டாம், முதலில் கட்டையை மாற்றுங்கள். பிரேக் பிடியை அழுத்தினால் அது ஹேண்டில்பாரைத் தொடக் கூடாது. சக்கரப் பூட்டுகள் இறுக்கமாக இருக்கட்டும்.

சரிவு முழுக்க பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வருவது பலரிடமும் உள்ள பழக்கம். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கில் அந்த உரசல் சூடு ரிம்மில் ஏறி, டியூப் வெடிக்கவும் கூடும். நேர்ப்பாதையில் இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிடுங்கள். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகம் குறைந்திருக்க வேண்டும். வளைவின் நடுவில் திடீரென்று அழுத்தினால் சக்கரம் வழுக்கும். கைகள் ஹேண்டில்பாரின் கீழ்ப்பிடியில், உடல் எடை சற்றுப் பின்னால், வெளிப்பக்கப் பெடல் கீழே, பார்வை வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும்.

கொண்டை ஊசி வளைவில் பேருந்து திரும்ப ஏறக்குறைய முழுச் சாலையும் தேவைப்படும். அதன் உட்பக்கத்தில் புகுந்து முந்தாதீர்கள். ஹார்ன் கேட்டால் வளைவுக்கு முன்பே இடது ஓரமாக நின்று வழிவிடுங்கள். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் நடுக்கோட்டைத் தாண்டி வளைவைக் குறுக்கே வெட்டக் கூடாது.

சாலையில் உங்கள் இடம்

சைக்கிளுக்கு ஓட்டுநர் உரிமமோ காப்பீடோ தேவையில்லை. சாலையில் செல்லும் உரிமை மற்ற வண்டிகளைப் போலவே உங்களுக்கும் உண்டு. பொறுப்பும் உண்டு. பொதுச் சாலையில் ஆபத்தை உண்டாக்கும்படி கண்மூடித்தனமாக ஓட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆவது பிரிவின்படி குற்றம். அது சைக்கிள் ஓட்டுபவருக்கும் பொருந்தும். விபத்தில் உங்கள் மீதும் தவறு இருந்தால் இழப்பீடு அந்த அளவுக்குக் குறையும். தலைக்கவசம், முன்விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு ஆகியவற்றுக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள்.

மோட்டார் வண்டி இடித்துவிட்டால்

முதலில் 108. தமிழ்நாட்டு எல்லைக்குள் நடக்கும் சாலை விபத்துகளில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்துக்கான அவசர சிகிச்சை இலவசம். வெளிமாநிலத்தவருக்கும் இது பொருந்தும். 2025-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 7 நாள் வரை, ரூ.1.5 லட்சம் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். மோட்டார் வண்டி சம்பந்தப்பட்ட விபத்துகளுக்கு மட்டுமே இந்தத் திட்டம்.

வண்டி எண்ணையும் விபத்து நடந்த இடத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது உடன் வந்தவரிடம் எடுக்கச் சொல்லுங்கள். மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் 'கீழே விழுந்தார்' என்று மட்டும் எழுதிவிட்டால் பின்னால் சிக்கல். வண்டி இடித்ததைத் தெளிவாகச் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்குங்கள். ஏற்காட்டில் அடிபட்ட சென்னைவாசி, சென்னையிலுள்ள மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். சட்டம் தரும் கெடு 6 மாதம்.

இடித்த வண்டி நிற்காமல் போய், எதுவென்றே தெரியாவிட்டாலும் வழி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-ஆவது பிரிவின்படி கொடுங்காயத்துக்கு ரூ.50,000, உயிரிழப்புக்கு ரூ.2 லட்சம் கிடைக்கும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் இலவச சட்ட உதவிக்கு 15100 எண்ணை அழைக்கலாம்.

வண்டியே காலை வாரினால்

புது வண்டியில் பிரேக் அறுந்தோ, முன் கவை உடைந்தோ விழுந்தால் அது தயாரிப்புக் குறையாக இருக்கலாம். உடைந்த பாகத்தைக் கடைக்காரரிடம் உடனே கொடுத்துவிடாதீர்கள். படம் எடுத்து, பில்லோடு பத்திரப்படுத்துங்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். கடை கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ரூ.5 லட்சத்துக்கு உட்பட்ட பொருளுக்குக் கட்டணம் இல்லை.

தனியாகப் போகாதீர்கள். உதிரி டியூப், காற்றடிக்கும் பம்பு, தண்ணீர், இரத்த வகையும் வீட்டு எண்ணும் எழுதிய சீட்டு ஆகியவை உடன் இருக்கட்டும்.