நீதிமன்றங்களின் கதை – 9: சென்னையின் முதல் நாற்காலி

சென்ற வாரம் மேயர் கோர்ட், ரெக்கார்டர் கோர்ட் எல்லாம் கடந்து, 1801-இல் பிறந்த மதராஸ் சுப்ரீம் கோர்ட்டில் வந்து நின்றோம். அதற்கு ஆயுள் 61 ஆண்டுதான். அதன் அதிகாரம் பெரும்பாலும் பட்டணத்து எல்லையோடு முடிந்துவிடும். வெளி ஜில்லாக்களிலிருந்து வரும் மேல்முறையீடுகளைக் கேட்க சதர் அதாலத் என்ற கம்பெனி நீதிமன்றம் தனியாக இருந்தது. ஒரே ஊரில் இரண்டு நீதிமன்றம், இரண்டு விதமான நடைமுறை. 1861-இல் லண்டன் பார்லிமென்ட் சட்டம் போட்டு இரண்டையும் ஒன்றாக்கியது. மதராஸுக்கான விக்டோரியா ராணியின் சாசனம் 1862 ஜூன் 26 தேதியிட்டு வந்தது. ஜூலை 1-இல் கல்கத்தா, ஆகஸ்ட் 14-இல் பம்பாய், மறுநாள் ஆகஸ்ட் 15-இல் மதராஸ் என்று மூன்று உயர்நீதிமன்றங்கள் திறந்தன. அந்தப் பழைய இரண்டின் தடம் இன்னும் அழியவில்லை. ஒரிஜினல் சைடு, அப்பெல்லேட் சைடு என்று வக்கீல்கள் இன்றைக்கும் பிரித்துச் சொல்கிறார்களே, அது அந்தக் கல்யாணத்தில் வந்த சீதனம்.

முதல் தலைமை நீதிபதி சர் கோலி ஹார்மன் ஸ்காட்லண்ட். 1871 வரை இருந்தார். அவருக்குப் பின் மார்கன், டர்னர், காலின்ஸ் என்று வரிசையாக வெள்ளைக்காரர்கள். இதில் ஆச்சரியமில்லை. நீதிபதிகளில் மூன்றில் ஒரு பங்காவது பாரிஸ்டர்களாக இருக்க வேண்டும், தலைமை நீதிபதியும் அந்தக் கணக்கில் சேர்ந்தவர் என்று 1861 சட்டமே எழுதிவைத்திருந்தது. பாரிஸ்டர் ஆக வேண்டுமானால் கப்பலேறி லண்டன் போக வேண்டும். உள்ளூரிலேயே சட்டம் படித்த வக்கீல் எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும், அந்த நாற்காலி நிரந்தரமாக அவருக்குக் கிடையாது.

இந்த விதி யாரைத் தடுத்தது என்று பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். தி. முத்துசாமி ஐயர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஏழைப் பிள்ளை. மாதம் ஒரு ரூபாய் சம்பளத்தில் கிராமக் கணக்கருக்கு எடுபிடியாகத் தொடங்கியவர். தெரு விளக்கில் படித்தார் என்ற கதை நம் ஊரில் யார் பெரியவரானாலும் கூடவே வரும், அதை விட்டுவிடுவோம். ஸ்மால் காஸ் கோர்ட் நீதிபதி வரை உயர்ந்து, 1877-இல் மதராஸ் உயர்நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் இந்தியர் ஆனார். கல்கத்தாவில் சம்புநாத் பண்டிட் 1863-லேயே நீதிபதியாகிவிட்டார். மதராஸுக்கு இன்னும் 14 ஆண்டு தேவைப்பட்டது. அப்படியிருந்தும் இங்கிருந்த ஆங்கிலேயப் பத்திரிகைகளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு நேட்டிவ் எப்படி அந்தப் பதவிக்கு வரலாம் என்று எழுதித் தீர்த்தன. பதில் சொல்ல நமக்கென்று ஒரு பத்திரிகை இல்லையே என்று திருவல்லிக்கேணி இளைஞர்கள் ஆறு பேர் ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20-இல் 80 பிரதி அச்சடித்தார்கள். அதுதான் ‘தி இந்து’. ஒரு நீதிபதி நியமனச் சண்டையில் ஒரு பத்திரிகை பிறந்தது.

1893-இல் முத்துசாமி ஐயர் மூன்று மாதம் தற்காலிகத் தலைமை நீதிபதியாக இருந்தார். அதற்கு மேல் போக விதி விடவில்லை. 1895 ஜனவரியில் பதவியில் இருக்கும்போதே காலமானார். உயர்நீதிமன்றத்துக்குள் இருக்கும் அவரது சிலையில் கால்களில் செருப்பில்லை, கவனித்துப் பாருங்கள். அவருக்கு அடுத்து வந்த மதுரைக்காரர் எஸ். சுப்பிரமணிய ஐயரும் வக்கீல்தான். 1899, 1903, 1906 என்று மூன்று முறை தற்காலிகமாக உட்காரவைத்தார்கள். ஓய்வுக்குப் பின் இவர் ஹோம் ரூல் இயக்கத்தில் இறங்கி, 1917-இல் அமெரிக்க அதிபர் வில்சனுக்கு நேராகவே ஒரு கடிதம் எழுதினார். லண்டன் கொதித்தது. இவர் தன் சர் பட்டத்தைத் தூக்கிப் போட்டார்.

கட்டடத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதைப் பற்றி எழுதாதவர் யார். கடற்கரை ஓரம் பெண்டிங்க் கட்டடத்தில் இருந்த நீதிமன்றம், 1892 ஜூலை 12 அன்று இப்போதைய சிவப்புக் கட்டடத்துக்கு வந்தது. வரைந்தவர்களில் முக்கியமானவர் ஹென்றி இர்வின், கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். 1894 முதல் 1977 வரை அதன் பெரிய கோபுரமே சென்னையின் கலங்கரை விளக்கம். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் வீசிய குண்டுகளில் ஒன்று சுற்றுச்சுவரில் விழுந்தது. அந்த இடத்தில் கல்வெட்டு இருக்கிறது.

நாற்காலிக்குத் திரும்புவோம். 1935 சட்டம் பாரிஸ்டர் விதியைத் தளர்த்தியது. ஆனால் 1937-இல் வந்த லயனல் லீச் 1947 வரை நகரவில்லை. அடுத்து ஜென்டில். சுதந்திரம் வந்த பிறகுதான், 1948 ஏப்ரலில், பி.வி. ராஜமன்னார் நிரந்தரத் தலைமை நீதிபதியான முதல் இந்தியர் ஆனார். கணக்கு போட்டால் 86 ஆண்டு.

ராஜமன்னார் 1961 வரை, 13 ஆண்டு இருந்தார். சுதந்திரத்துக்குப் பின் அந்த நாற்காலியில் அவ்வளவு காலம் யாரும் இருந்ததில்லை. தெலுங்கில் நாடகம் எழுதுவார், சங்கீத நாடக அகாடமியின் முதல் தலைவர், நடுவில் சில மாதம் பொறுப்பு கவர்னர். 1950-இல் அவர் தலைமையிலான அமர்வுதான் செண்பகம் துரைராஜன் வழக்கில் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்றது. உச்ச நீதிமன்றமும் அதையே சொல்ல, பெரியார் கிளர்ச்சி செய்ய, 1951-இல் அரசியல் சட்டத்துக்கே முதல் திருத்தம் வந்தது. அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. ஆனால் அதே ராஜமன்னாரைத்தான் 1969-இல் கலைஞர் அழைத்து மத்திய – மாநில உறவுகள் குறித்த குழுவுக்குத் தலைவராக்கினார். தீர்ப்பு வேறு, மனிதர் வேறு என்று பார்த்த காலம்.

எல்லாரும் அப்படி இல்லை. 1969 முதல் 1976 வரை இருந்த கே. வீராசாமி மீது சொத்துக் குவிப்பு வழக்கு வந்தது. உயர்நீதிமன்ற நீதிபதியும் லஞ்ச ஒழிப்புச் சட்டத்துக்குள் வருவார், ஆனால் இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்துகொள்ளாமல் வழக்குப் பதியக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் சொன்னது அந்த வழக்கில்தான்.

பிறகு எம்.எம். இஸ்மாயில். நாகூரில் பிறந்து கம்பனில் திளைத்தவர். நெருக்கடி நிலையில் சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் அடிக்கப்பட்டதை விசாரித்த ஆணையம் இவர் பெயரில்தான். 1979-இல் தலைமை நீதிபதியானார். 1981-இல் கேரளத்துக்கு மாற்றல் என்று டெல்லியிலிருந்து உத்தரவு வந்தது. போக மறுத்து ராஜினாமா செய்தார். அவர் இடத்துக்கு அனுப்பப்பட்ட பாட்னா தலைமை நீதிபதி கே.பி.என். சிங்கும் வர மறுத்து வழக்காடினார். உச்ச நீதிமன்றம் மாற்றல் செல்லும் என்றது. சிங் வந்து சேர்ந்தார். வெளிமாநிலத்தவரே தலைமை நீதிபதி என்பதை மத்திய அரசு 1983-இல் கொள்கையாகவே அறிவித்தது.

வெளியூர்க்காரர் என்பதால் குறை சொல்ல மாட்டேன். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிரான வழக்குகளைத் தள்ளி, நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் எழுத்தாளர் கொடுத்த வாக்குறுதி அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2016-இல் தீர்ப்பளித்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர் வெளியிலிருந்து வந்த சஞ்சய் கிஷன் கவுல். உள்ளூர்ப் பகையும் சாதிப் பாசமும் ஒட்டாமலிருக்க இந்த ஏற்பாடு ஓரளவு உதவுகிறது.

என் புகார் காலத்தைப் பற்றியது. கவுல் 2017-இல் போன பிறகு வந்தவர்களில் இரண்டு ஆண்டு முழுதாக இருந்த தலைமை நீதிபதி ஒருவரும் இல்லை. தஹில் ரமணி 2019-இல் மேகாலயாவுக்கு மாற்றப்பட்டு ராஜினாமா செய்தார். சஞ்ஜிப் பானர்ஜி 2021-இல் பத்தே மாதத்தில் அதே மேகாலயாவுக்குப் போனார். கே.ஆர். ஸ்ரீராமும் 2025-இல் ஓராண்டு முடியும் முன்பே ராஜஸ்தானுக்குப் போனார். 62 வயதில் ஓய்வு என்பதால் கடைசி வருடத்தில் வருகிறவர்களும் உண்டு. எந்த நீதிபதி எந்த வழக்கைக் கேட்பது என்று ரோஸ்டர் போடுவது தலைமை நீதிபதி. மாவட்ட நீதிமன்றங்களின் நிர்வாகம் அவர் கையில். இங்குள்ள வக்கீல்களில் யாரை நீதிபதியாக்கலாம் என்று முதலில் பெயர் எழுதுபவரும் அவரே. 75 நீதிபதிப் பணியிடங்கள் உள்ள நீதிமன்றத்தில், பத்து மாதம் இருப்பவர் ஒரு வக்கீல் வாதாடுவதை எத்தனை முறை கேட்டிருப்பார்?

வெளியிலிருந்தே வரட்டும். ஆனால் வருகிறவருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு மீதம் இருக்க வேண்டும், அதற்குள் மாற்றக் கூடாது. நியமனத்தையும் மாற்றலையும் பரிந்துரைக்கும் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் குழுவான கொலீஜியம் இதைச் செய்யச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை.

அடுத்த வாரம் மதுரைக் கிளைக்குப் போவோம். அது திறந்தது 2004 ஜூலை 24.