தலைக்குள் இருக்கும் கணக்கு

சிங்கப்பூர் ரேஸ்கோர்ஸ் சாலையில் மீன் தலைக்கறிச் சட்டி மேசைக்கு வந்ததும் எல்லாருடைய கையும் முதலில் கன்னத்துச் சதைக்குத்தான் போகும். அடுத்து கண். அதன் பிறகு மண்டையை உடைத்து உறிஞ்சும் வேலை. அப்போது பல்லில் ஏதோ கடக்கென்று தட்டுப்படும். வெள்ளையாக, தட்டையாக, விரல் நகம் அளவுக்கு ஒரு கல். முள் என்று நினைத்து இலையோரம் ஒதுக்கிவிடுவோம். அந்த மீன் எத்தனை ஆண்டு கடலில் வாழ்ந்தது என்ற கணக்கு அந்தக் கல்லில்தான் இருக்கிறது.

காதுக்கல் என்பது அதன் பெயர். மீன் உடலைச் சமநிலையில் வைத்துக்கொள்ளவும் ஒலியை உணரவும் உதவும் சுண்ணாம்புக் கல் அது. மரத்தண்டில் விழும் வளையம்போல ஆண்டுக்கு ஒரு வரி அதில் படிகிறது. ஆய்வுக்கூடத்தில் கல்லைப் பிசினில் பதித்து, மெல்லிய சீவலாக அறுத்து, நுண்ணோக்கியின் கீழ் வரிகளை எண்ணுவார்கள். ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையோரம் இப்படி எண்ணிப் பார்த்ததில், நம் தலைக்கறிக்குப் போகும் பெரிய சங்கரா (தேக்காவில் ‘ஈக்கான் மேரா’ என்று கேட்டால் சட்டென்று எடுத்துத் தருவார்கள்) 30 ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது என்று தெரியவந்தது. முதல் சில ஆண்டுகள் மளமளவென்று வளரும். பிறகு வளர்ச்சி அடங்கிவிடும். ஆகவே சட்டியில் கிடக்கும் நான்கு கிலோ மீனின் தலையைப் பார்த்து வயதைச் சொல்ல முடியாது. அதற்குப் பத்து வயதும் இருக்கலாம், இருபதைத் தாண்டியும் இருக்கலாம்.

இந்த வயதுதான் விஷயம். நெத்திலி ஓரிரு ஆண்டிலேயே வாழ்க்கையை முடித்துக்கொள்ளும் மீன். ஒரு பருவம் அதிகமாக அள்ளினாலும் மழையும் நீரோட்டமும் ஒத்துழைத்தால் விரைவில் தேறிவிடும். சங்கரா அப்படியல்ல. இருபது வயது மீன் மீண்டும் வேண்டுமென்றால் இருபது ஆண்டு காத்திருக்க வேண்டும். வேறு வழி கிடையாது.

தலைக்கறி பிறந்த கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். கேரளத்திலிருந்து வந்த எம்.ஜே. கோமஸ் 1949 வாக்கில் சோஃபியா சாலைக் கடையில் தொடங்கிவைத்தார் என்பார்கள். 1969-இல் முத்தூஸ் கறி, 1974-இல் பனானா லீஃப் அப்போலோ என்று உணவகங்கள் தொடர்ந்தன. அதிகம் பேசப்படாதது மீன் வந்த வழி. சிராங்கூன் சாலையின் ஒரு முனையில் தேக்கா. அதே சாலை நீண்டு அப்பர் சிராங்கூனாகி முடியும் இடத்தில், ஆற்றங்கரையில், காங்கார் மீனவக் கிராமமும் மொத்த மீன் சந்தையும் இருந்தன. 1984-இல் அந்தச் சந்தை பொங்கோலுக்குப் போனது, 1997-இல் செனோக்கோவுக்கு, 2024-இல் செனோக்கோவும் மூடப்பட்டு வியாபாரம் ஜூரோங் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. காங்கார் இன்று செங்காங்கில் ஓர் எல்ஆர்டி நிலையத்தின் பெயர். மீனும் அதேபோலத் தள்ளித் தள்ளிப் போய்விட்டது. இப்போது நாம் சாப்பிடும் சங்கராவில் பெரும்பகுதி இந்தோனேசியக் கடலிலிருந்து வருகிறது. அதிலும் நல்ல பெரிய மீன் வேண்டுமென்றால் ஜாவா கடலைத் தாண்டி அராஃபுரா வரை போக வேண்டியிருக்கிறது.

“விலை ஏறினாலும் மீன் கிடைக்கிறதே, பிறகென்ன குறைந்துபோயிற்று?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு மீன்வளம் தேய்வதைக் காட்டும் கடைசி இடம் சந்தைதான். படகு இன்னும் தொலைவு போகும், ஐஸ் இன்னும் அதிகம் ஏற்றும், ஓர் இனம் அருகினால் இன்னோர் இனம் அதே தட்டில் வந்து உட்காரும்.

தாய்லாந்து வளைகுடாவில் நடந்ததைப் பாருங்கள். 1960-களின் தொடக்கத்தில் இழுவைமடி புதிதாக வந்தபோது ஆய்வுக் கப்பல் ஒரு மணி நேரம் மடி இழுத்தால் சுமார் 300 கிலோ ஏறியது. 1990-களில் அது 30 கிலோவுக்கும் கீழே இறங்கிவிட்டது. இத்தனைக்கும் அந்தக் காலம் முழுக்கத் துறைமுகத்தில் மொத்த வரத்து குறைந்த மாதிரியே தெரியவில்லை. படகுகள் பெருகின, கணவாயும் கழிமீனும் எடையை நிரப்பின. டன் கணக்கை மட்டும் பார்த்தவர்களுக்கு எல்லாம் சுபமாகவே பட்டது.

நம் மீனுக்கே நடந்த கதை ஆஸ்திரேலியாவின் வடமேற்குத் திட்டில். 1970-களில் தைவானின் இரட்டை இழுவைப் படகுகள் அங்கே வந்தன. சில ஆண்டுகளிலேயே சங்கராவும் விளைமீனும் அருகி, கெரிசியும் தும்பிலியும் பெருகின. கெரிசி, மீன் உருண்டைக்கு அரைக்கப்படும் சின்னச் சிவப்பு மீன். காரணத்தைத் தேடிய கீத் செயின்ஸ்பரி என்ற ஆய்வாளர் மீனோடு நிற்காமல் கடலடியையும் பார்த்தார். சங்கரா ஒண்டி வாழும் பெரிய கடற்பஞ்சுகளையும் விசிறிப் பவளங்களையும் மடி பெயர்த்தெடுத்திருந்தது. மீன் மட்டுமல்ல, அதன் வீடும் போயிருந்தது. 1980-களில் சில பகுதிகளில் இழுவைமடியை நிறுத்தினார்கள். அங்கே சங்கரா கூடத் தொடங்கியது. கடற்பஞ்சுகள் மட்டும் மெதுவாகத்தான் வந்தன. இந்த வேலைக்காகச் செயின்ஸ்பரிக்கு 2004-இல் ஜப்பான் பரிசு கிடைத்தது.

இந்தோனேசியாவும் சும்மா இருக்கவில்லை. 1980-லேயே ஜாவா, சுமத்ரா கடல்களில் இழுவைமடிக்குத் தடை போட்டது. 2014-இல் அமைச்சரான சூசி புஜியாஸ்துத்தி வெளிநாட்டில் கட்டப்பட்ட படகுகளின் உரிமங்களை நிறுத்திவைத்தார். பிடிபட்ட கள்ளப் படகுகளை வெடிவைத்து மூழ்கடித்தார். பார்க்கப் பிரமாதமான காட்சி. ஆனால் சங்கராவின் சிக்கல் பெரிய படகுகளோடு முடிவதில்லை. தூண்டில் போடும் சிறு படகுகள் ஏராளம். அவை எதை, எந்த அளவில் பிடிக்கின்றன என்று யாரும் எழுதிவைத்ததில்லை. அண்மை ஆண்டுகளில் அங்கே மீனவர்களே ஒவ்வொரு மீனையும் அளவுப்பலகையில் கிடத்திப் படம் எடுத்து அனுப்பும் முறை வந்திருக்கிறது. வெடிவைப்பதைவிட இது பயனுள்ள வேலை என்பது என் எண்ணம்.

அந்தப் படங்களில் பார்க்கவேண்டியது நீளத்தை. பெரிய சங்கரா ஏறத்தாழ அரை மீட்டர் நீளம், இரண்டு கிலோ எடை வந்த பிறகுதான் முட்டையிடும். உலகச் சந்தைக்கோ தட்டுக்குள் அடங்கும் மீன்மீதுதான் ஆசை: முக்கால் கிலோ, ஒரு கிலோ. ஒரு முறைகூட முட்டையிடாத மீன் அது. “பெரிசு வரலைக்கா, சின்னது எடுத்துக்குங்க, ஸ்டீம் பண்ணா நல்லாருக்கும்” என்று கடைக்காரர் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. ஆவியில் வைத்தால் நன்றாகத்தான் இருக்கும்.

அதற்காகத் தலைக்கறி ரசிகர்கள் தப்பித்தோம் என்று நினைக்க முடியாது. மெக்சிகோ வளைகுடாவில் வாழும் சங்கராவின் உறவுக்கார மீனைப் பற்றி ஒரு கணக்கு உண்டு: 61 செ.மீ. பெண்மீன் ஒன்று போடும் முட்டையைப் போட 42 செ.மீ. மீன்கள் 212 தேவை. கிழட்டு மீன்தான் அந்தக் குடும்பத்தின் பெரிய சொத்து. இருந்தாலும் இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் தலைக்கறி பக்கம்தான். பெரிய மீன் பலமுறை முட்டையிட்டுவிட்டு வருகிறது. தலையும் குப்பைக்குப் போகாமல் நாலு பேர் வயிற்றை நிரப்புகிறது.

உலக உணவு வேளாண் அமைப்பின் கணக்கில், அளவுக்கு மீறிப் பிடிக்கப்படும் கடல் மீன்வளங்களின் பங்கு 1974-இல் 10 விழுக்காடு, 2021-இல் 37.7 விழுக்காடு. சிங்கப்பூருக்குச் சொந்தமாகச் சங்கராக் கடல் கிடையாது. அராஃபுராவில் யார் எத்தனை பிடிக்கலாம் என்று தீர்மானிக்கும் மேசையில் நமக்கு நாற்காலியும் இல்லை. நமக்கு இருப்பது வாங்கும் பணம். ஜூரோங்கில் நள்ளிரவுக்குப் பின் பெட்டி பெட்டியாக இறங்கும் சங்கராவில் இரண்டு கிலோவுக்குக் கீழ் வேண்டாம் என்று பத்து மொத்த வியாபாரிகள் சேர்ந்து சொன்னாலே, அந்தச் சேதி தூண்டில்காரர் வரை போய்விடும். பெரிய தலை இல்லாமல் கடை நடத்த முடியாத ரேஸ்கோர்ஸ் சாலைக்காரர்களே இதை முதலில் கேட்கலாம்.