நடுகல் காட்டும் விண்ணோர் குலம்

கற்பனையுலகத்தார்க்கும் ஒரு சமுதாய அமைப்புண்டு; அதனை வகுப்பவன் மண்ணுலக மாந்தனே. 1965இல் சேலத்தினின்று பிரிந்த தருமபுரி மாவட்டத்து நடுகற்கள் இதற்குச் சான்று பகரும் என்பது எம் கருத்து. நளன் கதையில் விண்ணோர்தம் கண் இமையா, அடி நிலந்தோயா, மாலை வாடா. இவ்வடையாளங்களைக் கல்தச்சன் நாடினானல்லன். ஆநிரை மீட்கப் பொருது பட்ட வீரன் கீழே படைக்கலம் ஏந்தி நிற்பான். பிற்காலக் கற்கள் சிலவற்றில், மேலே விண்ணக மகளிர் அவனை அழைத்தேகுவர், சாமரையும் வீசுவர். சாமரையோ மன்னர்க்குரியது! அவன் இன்னாருடைய சேவகன் என்று கல்லெழுத்துக் கூறும். மேலைச் சிற்பமோ அதனை மறந்து, வாழ்நாளிற் கிட்டாத அரச மதிப்பை அவனுக்கு நல்கும். ஆண்டானும் சேவகனும் என்ற வேற்றுமை அவ்வுலகில் இல்லை. மகளிர்க்கு மட்டும் அங்கும் பணிவிடையே.