மூச்சு வாங்குவது மலையா, நோயா?

இழுப்பதுதான் உழைப்பு, விடுவது இலவசம். மூச்சை விடுவதற்கும் உழைக்க நேர்ந்தால் உஷாராக வேண்டும்.

இடுக்கி மாவட்டம் மூணாறில், கொழுந்து மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு எடை போடும் இடத்துக்கு ஏறும்போது பேச்சு தானாகக் குறைந்துவிடும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. பிராணவாயுவின் விகிதம் அதே 21 சதவீதம்தான். ஆனால் ஒவ்வொரு இழுப்பிலும் கிடைக்கும் அளவு குறைகிறது.

நுரையீரல் தானாக விரிவதில்லை. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோலக் கவிந்திருக்கும் உதரவிதானம் சுருங்கித் தட்டையாகும்போது மார்புக்கூடு பெரிதாகிறது. உள்ளே அழுத்தம் குறைய, காற்று நுழைகிறது. ஓய்வாக இருக்கையில் அது ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இறங்கினால் போதும். மூச்சுக்கு அரை லிட்டர், நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை. வெளியே விடத் தனி முயற்சி தேவையில்லை. இழுத்துவிட்ட ரப்பர்போல நுரையீரல் தானே சுருங்கும். இது வயிற்று மூச்சு.

மேடு ஏறும்போது இது போதாது. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் மார்பை உயர்த்துகின்றன. பிறகு கழுத்துத் தசைகளும் துணைக்கு வரும். வயிற்றுத் தசைகள் காற்றை வெளியே தள்ளும்.

மலை ஏறாமலே இந்தத் தசைகளைப் பழக்கியவர்கள் பாலக்காட்டுச் சமவெளியில் உண்டு. நெம்மாரா-வல்லங்கி வேலா திருவிழாவின் பஞ்சவாத்தியத்தில் ஒலிக்கும் கொம்பில் விரல் வைக்கத் துளையே கிடையாது. உதடும் மூச்சும்தான் எல்லாம். வயிற்றை இறுக்கிக் காற்றை உந்த வேண்டும். பாடகருக்குத் தேவை நேர் எதிர். மைக் இல்லாமலே கச்சேரியை நிரப்பிய கணீர்க் குரலுக்குப் பெயர்போனவர், பாலக்காட்டுக்காரரான செம்பை வைத்தியநாத பாகவதர் (மறைவு: 1974). ஒரே மூச்சில் நீண்ட சங்கதி வர வேண்டுமென்றால், காற்று மொத்தமாக வெளியேறாமல் விலாத் தசைகள் பிடித்துவைத்துச் சிறுகச் சிறுக விட வேண்டும்.

கச்சேரி முடிந்தால் இந்தத் தசைகளுக்கு ஓய்வு. விறகுப் புகையில் வாடிய நுரையீரலுக்கு அந்த ஓய்வு கிடைப்பதில்லை. மலைக் குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டு அடுப்பெரித்தால் புகை வீட்டுக்குள்ளேயே சுற்றும். வருடக்கணக்கில் அதைச் சுவாசித்தால் சிறு காற்றுக்குழாய்கள் குறுகும், காற்றறைகளின் சுவர்கள் சிதையும், ரப்பர் தளர்ந்துவிடும். பழைய காற்று உள்ளேயே தங்க, புதியதற்கு இடமில்லை. பீடி, சிகரெட்டைத் தொடாத இந்தியப் பெண்களுக்கும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வர விறகுப் புகை ஒரு முக்கியக் காரணம்.

அடையாளம் காண்பது கடினமல்ல. ஏற்றத்தில் மூச்சு வாங்கி, உட்கார்ந்ததும் தணிந்தால் பெரும்பாலும் அது மலையின் வேலை. உட்கார்ந்திருக்கும்போதே கழுத்துத் தசைகள் புடைத்தாலோ, இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சுக்குத் திணறினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஸ்பைரோமீட்டரில் ஊதச் சொல்லி, முதல் ஒரு வினாடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்று அளப்பார்கள். சொல்லித்தரும் பயிற்சிகளில் ஒன்று: மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, நிதானமாக ஊதுவது.

ஊதுகுழலால் அடுப்பை ஊதியே பழகியவர்களுக்கு அது புதிதல்ல. என்ன, இந்தமுறை எதிரே புகை இருக்கக்கூடாது.