உறையும் நீரின் பெருவலிமை

நீர் நிரம்பிய கண்ணாடிக் குப்பியை இறுக மூடி, குளிர்பதனப் பெட்டியின் உறைநிலை அறையில் ஓரிரவு வைத்துவிட்டால், காலையில் அது பிளந்து கிடக்கக் காண்போம். குப்பி மட்டமானதென்று கடைக்காரரை நொந்துகொள்வோர் உண்டு. குற்றம் குப்பியினுடையதன்று, உள்ளிருந்த நீரின் இயல்பு அது.

பொருள்கள் பொதுவாக வெப்பத்தால் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். நீரும் 4 பாகை சென்டிகிரேடு வரை இவ்விதிக்கு அடங்கியே சுருங்கி வருகின்றது. அதற்குக் கீழே குளிரக் குளிர, விதியை மீறி விரியத் தொடங்குகின்றது. 0 பாகையில் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு பெருத்துவிடுகின்றது. திரவ நிலையில் ஒன்றோடொன்று நெருங்கித் திரிந்த மூலக்கூறுகள், உறையுங்கால் அறுகோணக் கூடுகளாகக் கைகோத்து நின்றுவிடுகின்றன. கூட்டின் நடுவே வெற்றிடம் விழுவதால் முன்னிலும் மிகுதியான இடம் வேண்டியதாகின்றது. பனிக்கட்டி நீரில் மிதப்பதும், குளிர்நாட்டு ஏரிகள் மேற்பரப்பில் முதலில் உறைய, அடியில் மீன்கள் உயிர் பிழைத்திருப்பதும் இதனாலேயே.

வேண்டிய அவ்விடத்தைத் தர மறுத்தால் என்ன நேரும்? 17-ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்து அறிஞர்கள் உலோகக் கலங்களில் நீரை அடைத்து உறையவைத்து, அவை பிளப்பதைக் கண்டனர். அதனினும் சுவையானது கனடா நாட்டுக் கியூபெக் நகரில் நடந்தது. 1784–85 குளிர்காலத்தில், எட்வர்ட் வில்லியம்ஸ் என்னும் பீரங்கிப் படை அதிகாரி, வெடிமருந்து இடும் வெற்று இரும்புக் குண்டுகளில் நீரை நிரப்பினார். துளையில் இரும்பு முளையை அடித்து இறுக்கி, வெட்டவெளியில் வைத்தார். கடுங்குளிரில் நீர் உறைந்தது. ஒரு முளை தெறித்து 400 அடிக்கும் அப்பால் போய் விழுந்தது! முளை அசையாது நின்ற குண்டோ தானே பிளந்தது. பிளவின் வழியே பனிக்கட்டி தகடுபோல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வெடிமருந்து செய்யும் வேலையை, ஓசையின்றி வெறும் நீர் செய்து முடித்தது. முற்றிலும் அடைபட்ட நீர், உறைநிலைக்குக் கீழே 22 பாகை வரை குளிர்ந்தால், வளிமண்டல அழுத்தத்தைப்போல் 2,000 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தை உண்டாக்கக்கூடும் என்று இன்று நாம் அறிவோம்.

இரும்பை உடைப்பது பாறையை விட்டுவைக்குமோ? பகலில் உருகும் பனி பாறையின் வெடிப்பில் இறங்கும். இரவில் உறைந்து வெடிப்பை அகலப்படுத்தும். மறுநாள் அகன்ற வெடிப்பில் இன்னும் சற்று மிகுதியான நீர் இறங்கும். பள்ளி நூல்கள் இவ்வளவோடு நிறுத்திவிடுகின்றன. முழு உண்மை சற்றுச் சிக்கலானது. 1930-ஆம் ஆண்டையொட்டி, ஸ்டீபன் டேபர் என்னும் அமெரிக்க நிலவியலார், உறையும்போது விரியாமல் சுருங்குகின்ற பென்சீன் என்னும் திரவத்தை மண்ணில் ஊற்றி உறையவைத்தார். அப்போதும் மண் மேலெழும்பிற்று! வளரும் பனிக்கட்டி அக்கம்பக்கத்து ஈரத்தையும் தன்பால் இழுத்துச் சேர்த்துக்கொண்டு பருக்கின்றது என்பது இதனால் புலனாயிற்று. பாறை வெடிப்புகளிலும் இவ்விரு விசைகளும் சேர்ந்தே உழைக்கின்றன என்பர்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஓர் ஏரிக்கு 1,200 அடி உயரத்தில், கருங்கல் அடுக்குகள் சில ஒரு முதியவரின் பக்கவாட்டு முகம் போல் நீட்டிக்கொண்டிருந்தன. நெற்றி, மூக்கு, தாடை எல்லாம் தெளிவாய்த் தெரியும். உயரம் 40 அடி. ‘மலைமுதியவர்’ என்று மக்கள் அதனை அழைத்தனர். அம்மாநிலத்தின் சின்னமாகி, 2000-ஆம் ஆண்டில் நாணயத்திலும் இடம்பெற்றது அம்முகம்.

முகத்தில் வெடிப்பு விழுந்திருப்பதை 1906-இல் ஊரறியச் சொன்னவர் கை ராபர்ட்ஸ் என்னும் கிறிஸ்தவ போதகர். அது முதல் தொடங்கியது, நீருக்கும் மனிதனுக்கும் ஒரு நீண்ட போராட்டம். முதலில் இரும்புக் கட்டுகள் போட்டனர். 1958-இல் எஃகுக் கம்பிகளாலும் சிமெண்டாலும் வெடிப்புகளை இறுக்கி, மேலிருந்து வழியும் நீரைத் திருப்பிவிட வாய்க்காலும் அமைத்தனர். நீர் உள்ளே இறங்காவிடில் உறைய ஒன்றுமிராது என்பதே அவர்களது கணக்கு. நல்ல கணக்குதான், ஆயினும் மயிரிழை வெடிப்பையெல்லாம் யார் அடைத்து முடிப்பது? அறுபதுகள் முதல் நீல்ஸ் நீல்சன் என்னும் நெடுஞ்சாலைத் துறை ஊழியர் கோடைதோறும் கயிற்றில் தொங்கி, வெடிப்புகளை அளந்தும் பூசியும் வந்தார். பின்னர் அவருடைய மகன் டேவிட் அப்பொறுப்பை ஏற்றார். தந்தை 2001-இல் மறைந்தபோது, அவரது அஸ்தியின் ஒரு பகுதியை மகன் கொண்டுபோய் அக்கல்முகத்தின் இடக்கண்ணில் வைத்தார்.

2003 மே 3-ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில் முகம் சரிந்து விழுந்தது. மலையில் அப்போது மூடுபனி கவிந்திருந்தமையால் வீழ்ந்ததைக் கண்டவர் எவருமிலர். பொழுது விடிந்து பனி விலகிய பின்னரே, மாநிலப் பூங்காப் பணியாளர்கள் நிமிர்ந்து பார்த்து, அங்கே வெறும் பாறை மட்டுமே நிற்பதை அறிந்தனர். மலரும் கடிதமும் கொண்டுவந்து அடிவாரத்தில் வைத்துச் சென்ற மக்கள் பலர்.

இன்று அவ்வேரிக்கரையில் எஃகுத் தூண்கள் சில நடப்பட்டுள்ளன. அவரவர் உயரத்திற்கேற்ற இடத்தில் நின்று, ஒரு கண்ணை மூடித் தூணின் வழியே அண்ணாந்து நோக்கினால், தூணின் முனையில் செதுக்கிய வடிவம் மலை விளிம்பில் சரியாகப் பொருந்தி, விழுந்த முகம் மீண்டும் தோன்றும்.