மூட்டை சுமந்த தோள் சட்டசபைக்குப் போன கதை

பிழைப்பு தேடிப் பம்பாய்க்கு வந்த தமிழன் முதலில் மிதித்த மண் வி.டி. ரெயில் நிலையம். இன்று அதன் பெயர் சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ். பழைய ஆட்களுக்கு என்றும் அது வி.டி.தான். அந்த நிலையத்தில் கூலி வேலை செய்த ஒரு தமிழர், பின்னாளில் மராட்டிய சட்டசபை உறுப்பினர் ஆனார்.

யார் அவர்? கேப்டன் ஆர்.தமிழ்ச்செல்வன். புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர். இளம் வயதில் மும்பைக்கு வந்து, ரெயில் நிலையத்தில் மூட்டை சுமந்தார். பிறகு பார்சல் காண்டிராக்டு எடுத்து, பலருக்கு வேலை கொடுக்கும் நிலைக்கு உயர்ந்தார்.

அந்தக் கொடிய இரவு

2008-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி இரவு, துப்பாக்கி ஏந்திய பயங்கரவாதிகள் அந்த நிலையத்துக்குள் புகுந்து சரமாரியாகச் சுட்டார்கள். அங்கு மட்டும் 58 பேர் பலியானார்கள். நூறு பேருக்கு மேல் காயம் அடைந்தார்கள். தமிழ்ச்செல்வனும் அவருடைய ஆட்களும் ஓடி ஒளியவில்லை. சாமான் ஏற்றும் தள்ளுவண்டிகளிலேயே காயம்பட்டவர்களை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தார்கள்.

மாநகராட்சி உறுப்பினராக இருந்த அவர், 2014-ம் ஆண்டு சயான் கோலிவாடா தொகுதியில் பாரதீய ஜனதா வேட்பாளராக நின்றார். அந்தத் தேர்தலில் பாரதீய ஜனதாவும் சிவசேனாவும் தனித்தனியே மோதின. போட்டி கடுமை. ஆனாலும் வென்றார். 2019, 2024 தேர்தல்களிலும் அதே தொகுதி மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பக்கத்துத் தொகுதியில் வேறு வழி

சயானுக்கு அடுத்தது தாராவி. தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட தனித் தொகுதி. நெல்லைச் சீமை மக்கள் நிறைந்த ஊர். அங்கே அரசியலுக்கு வந்த வழி வேறு.

2004 முதல் தொடர்ந்து நான்கு முறை அங்கு வென்ற வர்ஷா கெய்க்வாட், கல்லூரியில் பாடம் நடத்தியவர். அவருடைய தந்தை ஏக்நாத் கெய்க்வாட், தாராவியின் எம்.எல்.ஏ.வாக இருந்து பார்லிமெண்டுக்குப் போனவர். 2004-ல் முன்னாள் முதல்-மந்திரி மனோகர் ஜோஷியையே தோற்கடித்தவர். 2024-ல் வர்ஷா பார்லிமெண்டுக்குப் போனார். தாராவியில் அவருடைய தங்கை ஜோதி வென்றார். வர்ஷாவிடம் தோற்றவர் பிரபல வக்கீல் உஜ்வல் நிகம். நவம்பர் 26 தாக்குதல் வழக்கை அரசு தரப்பில் நடத்தியவர் அவர்தான்!

ஆக, இரண்டு தொகுதிகள், இரண்டு பாதைகள். ஒன்று உழைப்பும் ஊர்த்தொடர்பும் போட்ட பாதை. மற்றொன்று குடும்பம் போட்டுவைத்த பாதை.

அமெரிக்காவில் எப்படி?

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே அரசியலுக்கு வருகிறவர்களில் வக்கீல்களே அதிகம். ஆனால் வக்கீல் படிப்பு இல்லாதவர்களும் உச்சிக்குப் போயிருக்கிறார்கள். ஹாரி ட்ரூமன் துணிமணிக் கடை வைத்து, 1922-ல் கடை நொடித்துப்போனவர். அதே ஆண்டு மாவட்ட அளவிலான ஒரு பதவிக்கு நின்று ஜெயித்தார். 1934-ல் செனட் உறுப்பினர். 1945-ல் ஜனாதிபதி!

நம்மவர்களும் உண்டு. சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால், குடியேறியவர்களின் உரிமைக்காகச் சங்கம் கட்டிப் பாடுபட்டவர். முதலில் வாஷிங்டன் மாநில செனட், பிறகு 2016-ல் பிரதிநிதிகள் சபை. தமிழ்ப் பெற்றோருக்கு டெல்லியில் பிறந்த ராஜா கிருஷ்ணமூர்த்தி, 2010-லும் 2012-லும் கட்சிக்குள் நடந்த போட்டியிலேயே தோற்றார். மனம் தளரவில்லை. 2016-ல் வென்றார். துளசேந்திரபுரம் பூர்வீகம் கொண்ட குடும்பத்தின் பேத்தி கமலா ஹாரிஸ், நகர அரசு வக்கீலாகத் தொடங்கி 2020-ல் துணை ஜனாதிபதியாகத் தேர்வானார்.

இவர்களில் பெரும்பாலோர் முதலில் ஏறியது சின்னப் படி. மாவட்டம், நகரம், மாநிலம் என்று ஏறித்தான் தலைநகருக்குப் போனார்கள். மும்பையில் அந்தச் சின்னப் படி, மாநகராட்சி வார்டு. குழாயில் தண்ணீர் வரவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்றால் ஜனங்கள் போய் நிற்பது வார்டு உறுப்பினர் வீட்டு வாசலில்தான். 2022 மார்ச்சில் மாநகராட்சியின் பதவிக்காலம் முடிந்த பிறகு, மூன்று ஆண்டுகளுக்கு மேல் தேர்தலே நடக்காமல் அதிகாரிகள் கையில் நிர்வாகம் இருந்தது. அந்த நாட்களில் முறையிடுவதற்கு மக்கள் தேர்ந்தெடுத்த ஆள் இல்லை.

ஓட்டு எங்கே இருக்கிறது?

சட்டசபைக்கு நிற்க வயது 25 நிரம்ப வேண்டும். மாநகராட்சிக்கு 21 போதும். சட்டசபைக்கு டெபாசிட் 10 ஆயிரம் ரூபாய். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 5 ஆயிரம். படிப்பு இவ்வளவு இருக்க வேண்டும் என்ற சட்டம் சட்டசபைக்கு இல்லை. அரசு வேலையில் இருப்பவர் மட்டும் வேலையை விட்டுவிட்டுத்தான் நிற்க முடியும்.

முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. மராட்டிய சட்டசபைக்கு நிற்பவர், அந்த மாநிலத்தின் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருக்க வேண்டும். இங்கேதான் நம்மவர்களில் பலருக்குச் சிக்கல். வேலை மும்பையில், குடித்தனம் மும்பையில், பிள்ளைகள் படிப்பதும் மும்பையில். ஓட்டு மட்டும் ஊரில்! தேர்தல் வந்தால் ரெயில் ஏறிப் போகிறவர் சிலர். லீவு கிடைக்காமல் ஓட்டே போடாதவர் பலர்.

ஊர்ப்பாசம் தவறல்ல. ஆனால் இரண்டு இடத்தில் பெயர் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தராது. குடிசையை இடித்து மாடி கட்டும் திட்டம் வந்தாலும், தெருவுக்குக் குழாய் வந்தாலும், முடிவு எடுப்பது இங்கே ஓட்டு வாங்கியவர்தான். இங்கே பட்டியலில் பெயர் இல்லாதவர் அவரிடம் போய் நின்றால், குரலுக்கு எடை குறைவு.

குடியிருக்கும் இடத்துக்கு ஓட்டை மாற்றிக்கொள்ளப் படிவம் 8 இருக்கிறது. கட்டணம் கிடையாது. கூலியாக இருந்து எம்.எல்.ஏ. ஆவது ஆயிரத்தில் ஒருவருக்குக் கிடைக்கலாம். அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையோ, பட்டியலில் பெயர் உள்ள ஆயிரம் பேருக்கும் உண்டு.